வெள்ளிக்கிழமைக் கட்டு

ஏப்ரல் 21, திங்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து போன் வந்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை எனக்குத்தான். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். சம்பளம் பதின்மூன்றாயிரம்.

மத்தியானம் சாப்பாட்டின்போது மாமாவிடம் சொன்னேன். "பதிமூணாயிரமா? முகூர்த்த நாள்ல ஒரு மூட்டை மல்லிப்பூவுக்கு ஆவாதே அம்மிணி" என்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சொல் மாறாமல் அதையேதான் சொன்னார். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

"படிச்ச புள்ள, போ. நானா தடுக்கறேன்? கல்லாவுல யாரு உக்கார்றது, அத மட்டும் சொல்லு."

சத்தியமங்கலத்தில் எங்கள் பூ மண்டியில் வெளியாள் கல்லாவைத் தொடக்கூடாது. வீட்டில் இருப்பதே நான்கு பேர். மாமா எடை பார்க்கிறார். அவர் மகன், என் வீட்டுக்காரர் தரணி, ஏலம் கூறுகிறார், தோட்டங்களுக்குப் போய் வருகிறார். அத்தைக்குப் பத்து நோட்டுக்கு மேல் எண்ணினால் சந்தேகம் வந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிப்பார். மீதி நான்.

"பணம் எண்ற மிஷின் ஒண்ணு வாங்கிட்டா அத்தையே உக்காரலாமுங்க மாமா" என்றேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீயே பாத்து வாங்கு. பதினஞ்சாயிரத்துக்கு மேல போவாத."

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தரணி ஒன்றும் சொல்லாமல் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரொம்ப சந்தோஷம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கல்லா என்றால் பெட்டி மட்டுமில்லை. மண்டியின் ஒரு மூலையில் நாலு பக்கமும் கம்பி வலை அடித்து, ஒரு நாற்காலி மட்டும் கொள்கிற மாதிரி ஒரு கூண்டு. வியாபாரம் முடியும்வரை நாற்காலி காலியாக இருக்கக்கூடாது, லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது மாமாவின் சட்டம். விடிகாலையில் உட்கார்ந்தால் கடைசி விவசாயிக்குப் பணம் பட்டுவாடா ஆன பிறகுதான் எழ வேண்டும். அதனால் நான் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, கல்யாணமான முதல் வாரத்திலேயே உடம்பு கற்றுக்கொண்டது. லட்சுமிக்கு மட்டும் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது போலிருக்கிறது.

எப்போதாவது தரணி வந்து, "நீ போய்ட்டு வா இந்து, பத்து நிமிசம் நான் பாத்துக்கறேன்" என்பார். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவருடைய பல குற்றங்களை மன்னித்திருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது இவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கணக்கு நல்லா வருமுங்களா?" சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்காத மனிதர் என்று எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று.

ஏப்ரல் 25, வெள்ளி

மனசு சரியில்லை.

வெள்ளிக்கிழமைக் கட்டு என்று எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். ஐநூறு ரூபாய் நோட்டு நூறு எண்ணி நான் கட்டிக் கொடுப்பேன். அத்தை மேல் நோட்டில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை செய்வார். அந்தக் கட்டு கல்லாவில் லட்சுமி படத்தின் கீழ் ஒரு வாரம் இருக்கும். அதிலிருந்து ஒரு நோட்டுகூட எடுத்துச் செலவு செய்யக்கூடாது. திரும்ப எண்ணவும் கூடாது, எண்ணினால் குறையும் என்பார் அத்தை. அடுத்த வெள்ளி புதுக் கட்டு வந்ததும் பழைய கட்டை மாமா பேங்கில் போடுவார்.

இன்று பேங்கில் எண்ணியபோது தொண்ணூற்றெட்டுதான் இருந்ததாம்.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கூண்டுக்கு வெளியே நின்று, "எண்றப்ப ஆருகிட்டயும் பேசாத அம்மிணி" என்று மட்டும் சொன்னார். நான் பேசவில்லை. இரண்டு தடவை எண்ணினேன், நூறு இருந்தது. எண்ணியது நான் ஒருத்திதான் என்பதால் சாட்சிக்கும் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஈரோட்டிலிருந்து முகுந்தன் என்ற ஏஜென்ட் முதல் மிஷினோடு வந்தார். எட்டாயிரத்து ஐந்நூறு. எண்ணும், அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த புது நோட்டுகளை வைத்ததும் சடசடவென்று ஓடி நூறு காட்டியது. மாமாவுக்கே வாய் திறந்துகொண்டது.

பிறகு எங்கள் நோட்டுகளை வைத்தோம். பூக்காரர்கள் தரும் பத்தும் இருபதும் ஈரச் சாக்கிலும் இடுப்பு மடிப்பிலும் இருந்து வருபவை. மூன்று நோட்டு உள்ளே போய் ஒட்டிக்கொண்டன, மிஷின் முக்கி நின்றது. பிரித்துப் பார்த்தால் ரப்பர் உருளையில் ஒரு மல்லிகை இதழ்.

"நோட்டு காஞ்சிருக்கணுங்க மேடம்" என்றார் முகுந்தன்.

"பூ மண்டியில எதுங்க காயும்?" என்றார் மாமா. "இருந்தாலும் வெல கம்மியா இருக்குது. இதையே வாங்கிக்கலாம்."

பத்து இருபதை ஃபேனுக்கு அடியில் பேப்பரில் பரப்பிக் காயவைத்தால் ஓடுகிறது. ஆனால் சில்லறை வியாபாரிகள் நூறு, ஐநூறு, இருபது என்று கலந்துகட்டித்தான் கொடுக்கிறார்கள். இது எத்தனை நோட்டு என்றுதான் சொல்லும், எத்தனை ரூபாய் என்று சொல்லாது. மிஷின் சொன்ன பிறகு அத்தை எங்கே போய்க் கூட்டுவார்? கலந்த நோட்டைக் கூட்டிச் சொல்லும் மிஷினையும் ஒருமுறை கொண்டுவரச் சொல்லி முகுந்தனிடம் தனியாகச் சொன்னேன்.

மே 2, வெள்ளி

இந்த முறை மூன்று நோட்டு குறைகிறது.

"நானு உன்னைய ஒண்ணுஞ் சொல்லல அம்மிணி" என்று மாமா தொடங்கினார். இப்படித் தொடங்கினால் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "ஆனா கணக்குல கொறை வெச்சுட்டு நீ வேலைக்குப் போனீன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? கொறை தீரட்டும். அப்பறம் தாராளமா போ."

எப்படித் தீர்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் குறைகிறது. எழுந்தால் குறைத்துவிட்டு எழுந்தாள் என்று ஆகிவிடும்.

தரணிதான் ஆறுதல் சொன்னார். "இந்த வருசம் போகாட்டி என்ன இந்து, அடுத்த வருசம் போயிக்கலாம். கொறை தீரட்டும், அப்பாகிட்ட நானே பேசறேன்." மத்தியானம் டீயும் பன்னும் வாங்கிவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கல்லாவில் அவரே உட்கார்ந்திருந்தார்.

மார்க்கெட் சுங்கம் கட்ட என்று மாமா வாரம் இரண்டு தடவை கல்லாவில் கையை விடுவார். நான் எதுவும் சொல்லவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

மே 3, சனி

வேலைக்குப் போகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அத்தை பாயசம் வைத்தார்.

மே 6, செவ்வாய்

கல்லூரிக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

நான் வரச் சொன்னதை மறந்தே போயிருந்தேன், முகுந்தன் இரண்டாவது மிஷினோடு வந்து நின்றார். இது கலந்த நோட்டைக் கூட்டிச் சொல்லும், கள்ள நோட்டையும் கண்டுபிடிக்கும். தரணி தோட்டத்துக்குப் போயிருந்தார். மாமா பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார், போன வாரம் பூஜைக் கட்டில் மேலே இருந்த நோட்டும் அதில் இருந்தது. நோட்டில் மஞ்சள் அப்பிக் கிடக்கிறது என்று பேங்கில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

மிஷின் ஓடியது. அந்த நோட்டு வந்ததும் கீ என்று கத்தி நின்றுவிட்டது.

"என்னுங்க இது, சாமி நோட்டக் கள்ள நோட்டுங்குது?" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மஞ்சள் பட்டிருக்குதுங்க. உள்ளார ஊதா லைட் எரியுது. நல்ல நோட்டு அதுல மங்கலாத் தெரியணும். சோப்புல நனைஞ்ச நோட்டு, மஞ்சள் பட்ட நோட்டெல்லாம் பளீர்னு தெரியும். அதான் கத்துது."

ஆமாம், தெரியும்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற ஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மூன்றாம் வருடத்தில் செய்முறைத் தேர்வுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். இரண்டு வருடமாக எதுவும் ஒளிராமல் உட்கார்ந்திருந்ததில் மறந்து போயிருந்தது.

"இந்தக் கத்தற மிஷின் வேண்டாம், மொதல்ல பாத்ததே போதும்" என்றார் மாமா. இரண்டு வாரம் டைம் கொடுங்கள் என்று முகுந்தனிடம் கேட்டுக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

பேங்கில் கட்டு சரியாக நூறு இருந்தது. "கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு" என்றார் தரணி. நான் வேலைக்குப் போகவில்லை என்று சொன்ன வாரத்தில் கடவுள் கண்ணைத் திறந்திருக்கிறார்.

அத்தைக்குக் கால் வலி. அதனால் பூஜையை நானே செய்தேன். மஞ்சளைக் கொஞ்சம் நீர்க்கவே குழைத்துவிட்டேன், கை வேறு தவறிவிட்டது. மேல் நோட்டில் மட்டும் படவேண்டியது கட்டின் ஓரம் முழுக்க இறங்கிவிட்டது. துடைத்துக் காயவைத்தேன். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது வேலை ஞாபகம் வந்தது. ஜூன் இரண்டாம் தேதி சேரலாம் என்றுதான் இருக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். மாமா என்னைப் பார்த்தார். நானும் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 16, வெள்ளி

இரண்டு நோட்டு குறைகிறது. பேங்கில், மஞ்சள் தடவிய நோட்டைக் கொண்டுவராதீர்கள் என்று திட்டினார்களாம், மாமா அந்தக் கோபத்தையும் சேர்த்து என்மேல் காட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மே 20, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கத்துகிற மிஷின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "கள்ள நோட்டு ஒண்ணு வந்துட்டாலும் நமக்குத்தான நட்டமுங்க மாமா" என்றேன். அந்தப் பேச்சு அவருக்கு உறைத்தது. பதினைந்தாயிரத்துக்கு முடித்தார்கள். மாமா இடுப்பு பெல்ட்டிலிருந்து பதினாலாயிரம் எடுத்துக் கொடுத்தார். முகுந்தன் அந்தப் பணத்தை மிஷினிலேயே வைத்து ஓட்டினார்.

இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று காத்திருந்தேன். மாமாவின் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன்.

கத்தவில்லை. எல்லா நோட்டும் சுத்தமாக ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டன. பெரிய மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இன்னொரு ஆயிரம் கொறையுதுங்க" என்றார் முகுந்தன்.

மாமா ஏல மேடைப் பக்கம் திரும்பி, "தரணி, உன்ர பர்ஸுல ரெண்டு நோட்டு இருந்தாக் குடு" என்றார்.

தரணி வந்தார். பர்ஸைத் திறந்து இரண்டு ஐநூறு கொடுத்தார். முகுந்தன் முதல் நோட்டை வைத்தார். கீ. திருப்பி வைத்தார். கீ. இரண்டாவதை வைத்தார். அதுவும் கீ.

"மஞ்சளுங்க" என்று சிரித்தார் முகுந்தன். "நல்ல நோட்டுதான். உங்க மண்டியில எல்லா நோட்டும் பூஜை பண்ணுன நோட்டாட்ட இருக்குது."

மாமாவும் சிரித்தார். வலைக்கு உள்ளே இருந்து நான் தரணியைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

மண்டி கழுவி விட்ட பிறகு, பின்னால் சாக்கு அடுக்கும் அறையில் அவரைப் பிடித்தேன்.

"ஏனுங்க, பர்ஸக் குடுங்க."

மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பின்னால் இன்னும் ஐந்து நோட்டு மடித்து வைத்திருந்தது.

"ஒரு ரூவா தொடல இந்து. திருப்பி வெக்கத்தான் வெச்சிருந்தேன்."

"எப்பத் திருப்பி வெக்கறதுக்கு?"

"நீ போகலீன்னு முடிவானதுக்கப்பறம்."

அறைந்துவிடலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக அழுதேன், அழுததற்காக இன்னும் கோபம் வந்தது. அவர் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தே பேசினார்.

"பன்னெண்டாவது லீவுல, ஒரு வாரம் உக்காருடான்னாரு அப்பா. ஒம்பது வருசம் இந்து. என் கூடப் படிச்சவனெல்லாம் வந்து வலைக்கு அக்கட்டால நின்னு பேசிட்டுப் போவான். நீ வந்த அன்னைக்குத்தான் நான் எந்திரிச்சேன். நீ போனா அம்மாளையா உக்கார வெப்பாருன்னு நெனச்ச? மிஷினு எண்ணும், எண்ணுனத ஆரு பாக்கறதும்பாரு. அப்பறம் என்னையப் பாப்பாரு."

"அதுக்கு என்னையத் திருடியாக்குவீங்களா?"

"உன்னைய ஆரும் திருடின்னு சொல்லலியே."

உண்மைதான். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"பொண்ணு பாக்க வந்தப்பக் கேட்டீங்களே, கணக்கு நல்லா வருமான்னு" என்றேன். இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளே வைத்துச் சிரித்துக்கொண்ட கேள்வி அது. அதையும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் மாமாவிடம் அவரே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிஷினை வைத்து நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

மாமா கோபப்பட்டார்தான். "சாமிக் கட்டுல ஏன்டா கைய வெச்ச? வேற கட்டே இல்லியா?" என்றார். அந்தக் கட்டை யாரும் எண்ணமாட்டார்கள் என்பதால் என்றார் தரணி. பிறகு மாமா சாதாரணமாகச் சொன்னார்: "சரி, வீட்டுக் காசு வீட்டுலதான் இருந்துச்சு. ரெண்டாந்தேதியிலிருந்து நீயே உக்காந்துக்க."

தண்டனை என்று நினைத்துச் சொன்னாரா, ஆள் கிடைத்தது என்று சொன்னாரா தெரியவில்லை. தரணியும் ஒத்துக்கொண்டார். அத்தை உட்காரலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா அடுப்படி வாசலுக்கு வந்து காபி மட்டும் கேட்டார். கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

மே 30, வெள்ளி

கடைசியாக நான் கட்டிய கட்டு. பூஜைக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மிஷினில் வைத்தேன்.

"சாமிக் கட்ட ஆராச்சும் இத்தனை பேரு முன்னால எண்ணுவாங்களா அம்மிணி?" என்று பதறினார் அத்தை.

"நான் எண்ணலீங்க அத்தை. மிஷினுதான் எண்ணுது."

நூறு. சிவப்பு எழுத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த எழுத்தை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தேன்.

தரணிக்கு மிஷினைக் கற்றுக் கொடுத்தேன். எந்தப் பொத்தானில் கலந்த நோட்டு, இதழ் சிக்கினால் எந்த மூடியைத் திறக்க வேண்டும், தூசிக்கு எந்த பிரஷ். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் விரல்கள் நோட்டை என்னைவிட வேகமாகப் பிரிக்கின்றன, இன்றுதான் பார்த்தேன். ஒன்பது வருடம் சும்மாவா?

இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. எப்போது பேசுவேன் என்றும் தெரியாது.

ஜூன் 2, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். கையெழுத்துப் போட்டு, வெள்ளைக் கோட்டு வாங்கி, உடைந்த சோதனைக் குழாய்களைப் பிரித்து வைத்தேன். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். காலையில் நடந்ததை மட்டும் இப்போது எழுதிவிட வேண்டும்.

எழுந்ததும் அடுப்படிக்குப் போய் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்தேன். போதவில்லை, இன்னொன்றும் குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறுவரைக்கும் அது இறங்குவது தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

தரணி மண்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவருக்கும் ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். பிறகு குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.